நினைவு நாணயம் செல்லுமா?

ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் நம் அங்கத்தினர் ஒருவர், விதை நெல் வாங்கிய கணக்கில் நின்ற பாக்கியைச் செலுத்தச் சங்கத்திற்கு வந்திருந்தார். அவர் மேஜைமீது வைத்த சில்லறையில் பழைய ஒரு ரூபாய் நாணயம் ஒன்றும் கலந்திருந்தது. அதன் ஒருபுறம் அசோகச் சிங்கமும், மறுபுறம் ராஜீவ் காந்தியின் முகமும், 1944 - 1991 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. குமாஸ்தா அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பதக்கம் போலிருக்கிறது, பணமாக வரவு வைக்க இயலாது என்றார். அருகில் நின்ற நெசவாள அங்கத்தினரோ, இத்தகைய நாணயத்திற்கு ஆயிரக்கணக்கில் விலை தருவோர் இருக்கிறார்களாம், இதைப் போய்ப் பாக்கிக்குக் கொடுக்கலாமா என்று தடுத்தார். ஒருவர் அதற்கு மதிப்பே இல்லை என்றார். மற்றவர் அதற்கு அளவற்ற மதிப்பு உண்டு என்றார். இருவர் கூறியதும் சரியன்று. ஒரு ரூபாய் நாணயம் ஒரு ரூபாய் பெறும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த நாணயத்திற்கும் அந்த ஊருக்கும் உள்ள தொடர்பை நினைவூட்ட வேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் தேதி இரவு, தேர்தல் பிரசாரத்திற்கு வந்திருந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில்தான் உயிர் நீத்தார். அவ்விடத்தில் இன்று நினைவகம் அமைந்திருக்கிறது. இந்திய அரசு அவ்வாண்டைத் தாங்கிய ஒரு ரூபாய் நாணயத்தில் அவர் உருவத்தைப் பொறித்து வெளியிட்டது. தம் ஊரிலேயே நிகழ்ந்த துயரத்தின் நினைவாக வெளிவந்த நாணயம், தம் ஊர்க் கடையிலேயே செல்லாமற் போகுமோ என்று அந்த உழவர் ஐயுற்றது வருந்தத்தக்கது. இவ்வையம் நம் சங்கங்கள் பலவற்றிலும் எழுவதாகத் தெரிவதால், நினைவு நாணயம் என்பது யாது, அது எந்த அளவிற்குச் செல்லும், ரூபாய் என்ற இப்பணம் நம் பகுதிக்கு எவ்வாறு வந்து நிலைத்தது என்பவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

நம் நாட்டில் நாணயம் அடிக்கும் உரிமை மத்திய அரசுக்கே உரியது. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நாணயச் சாலைகள் இருக்கின்றன. அங்கு அடிக்கப்பெறும் நாணயங்களை ரிசர்வ் வங்கி மக்களிடையே புழக்கத்திற்கு விடுகிறது. ஆண்டு எண்ணின் கீழ் உற்று நோக்கினால், மும்பையில் அடித்ததற்குச் சாய்சதுரமும், ஹைதராபாத்தில் அடித்ததற்கு நட்சத்திரமும், நொய்டாவில் அடித்ததற்குப் புள்ளியும் இருக்கக் காணலாம். அடையாளம் ஒன்றும் இல்லையெனில் அது கொல்கத்தாவில் அடித்தது. இவ்வடையாளம் இருப்பதையும் இல்லாதிருப்பதையும் கொண்டு ஒரு நாணயத்தைப் போலி என்று ஒதுக்குவோர் சிலர் உண்டு, அது பிழை.

பெரியோர் ஒருவரையோ, ஒரு நிகழ்ச்சியையோ, ஒரு கொள்கையையோ நினைவூட்டும் பொருட்டு, வழக்கமான சின்னத்திற்குப் பதிலாகத் தனிச் சித்திரம் பொறித்து வெளியிடுவதே நினைவு நாணயம். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக, 1964இல் ஜவாஹர்லால் நேரு மறைந்தபொழுது, அவர் உருவம் தாங்கிய ஒரு ரூபாயும் 50 பைசாவும் வெளிவந்தன. 1969இல் காந்தியடிகள் நூற்றாண்டு நாணயங்கள் வந்தன. 1970 முதல் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனத்தின் கொள்கைகளைப் பரப்பும் நாணயங்கள் பல வெளியாயின. அனைவர்க்கும் உணவு என்ற வாசகமுடைய தாமரை பொறித்த 20 பைசாவை முதிய அங்கத்தினர் பலர் கையாண்டிருப்பர். உணவு உற்பத்தியைப் பெருக்குக என்று 1973இல் ஒன்றும், கிராமப் பெண்டிர் முன்னேற்றம் பற்றி 1980இல் ஒன்றும் வந்தன. உழவர்க்குக் கூறவேண்டிய செய்தியைத் துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டால் கிழித்தெறிவர். காசில் அச்சிட்டால் மடியில் முடிந்து கொள்வர் என்று எவரோ நன்கு உணர்ந்திருக்கிறார்!

தமிழ்நாட்டுத் தொடர்புடையவையும் பல. 1995இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டிற்குத் திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயங்கள் வந்தன. காமராஜர் நூற்றாண்டிற்கு 2003இலும், பசுமைப் புரட்சியில் பெரும் பங்கு கொண்ட மத்திய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் அவர்களின் நூற்றாண்டிற்கு 2010இலும் 5 ரூபாய் நாணயங்கள் வெளியிடப்பட்டன. நெசவுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தில் 1909இல் பிறந்த அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டிற்கு 2009இல் வெளியான 5 ரூபாயில், அவர் தமிழில் இட்ட கையொப்பமே பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் பகுதி நெசவாளர் பலரிடம் அந்நாணயம் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை அறிந்து கொள்ளல் வேண்டும். மேற்கூறிய ஒரு ரூபாய், 5 ரூபாய் போன்றவை மக்கள் கையில் புழங்குவதற்கென்றே அடிக்கப்பட்டவை. இவையன்றி 75 ரூபாய், 100 ரூபாய், 1000 ரூபாய் என வழக்கத்தில் இல்லாத முகமதிப்புகளிலும் நினைவு நாணயங்கள் வெளியிடப்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி 2010இல் 5 ரூபாயும், அதனோடு 1000 ரூபாயும் வெளிவந்தன. புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்காக 2023இல் வந்த 75 ரூபாய் நாணயம் 35 கிராம் எடையுள்ளது. அதில் சரிபாதி வெள்ளி. இவை சேகரிப்போருக்கென அடித்து, முகமதிப்பைக் காட்டிலும் மிக அதிகமான விலைக்கு நாணயச் சாலைகளால் விற்கப்படுபவை. பேழையில் வைத்துப் போற்றுவதற்கேயன்றிக் கடைக்கு எடுத்துச் செல்வதற்கு உரியவை அல்ல.

நாணயத்தை ஐயுறுவது நம் மக்களுக்குப் புதிதன்று. நம் முன்னோர் ஐயுற்றதற்குத் தக்க காரணமும் இருந்தது.

இன்றைய காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களை உள்ளடக்கிய நாட்டை 1763இல் ஆர்க்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். அக்காலத்தில் இங்கு வழங்கியவை மூன்று உலோகங்களில் மூன்று வகைப் பணம். பொன்னால் ஆனது வராகன்; அதன்கீழ்ப் பணம்; அதற்கும் கீழ்ச் செம்பினால் ஆன காசு. சென்னையில் அடித்த நட்சத்திர வராகன் சுமார் 3.4 கிராம் எடையுள்ளது. ஒருபுறம் திருமால் உருவமும் மறுபுறம் நட்சத்திரமும் உடையது. கம்பெனியின் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்திற்கு 80 காசு. ஆகவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. ஏட்டில் இக்கணக்கு நேராக நின்றது. கடைத்தெருவிலோ அது நாளுக்கு நாள் ஏறியும் இறங்கியும் வந்தது. இவற்றோடு நவாபின் பெயரால் அடித்த ஆர்க்காட்டு வெள்ளி ரூபாயும், பிற ஊர்களின் வராகன்களும் கலந்து புழங்கின.

இந்த ஏற்ற இறக்கத்தால் பிழைத்தவர் சராப்புகள். காசு தேய்ந்தது என்றும், வேற்றூரில் அடித்தது என்றும், மாற்றுக் குறைந்தது என்றும் கூறி, ஒவ்வொரு மாற்றத்திற்கும் வட்டம் பிடித்துக் கொள்வார்கள். துணிக்கு முன்பணம் வராகனில் பேசப்படும். தறியில் அமர்ந்தவர் நூலும் அரிசியும் வாங்குவது பணத்திலும் காசிலும். உழவர் நெல்லை விற்றுப் பெறுவது காசு. தீர்வை செலுத்த வேண்டியது வராகன். பெரிய பணம் சிறிய பணமாக மாறும்போதும், சிறிய பணம் பெரிய பணமாக மாறும்போதும் இடையில் நின்றவருக்கு ஒரு பங்கு போயிற்று. எளியவர்கள் இருவழியிலும் இழந்தனர். நாணயத்தைக் கையில் வாங்கியவுடன் தட்டிப் பார்ப்பதும், கடித்துப் பார்ப்பதும் அக்காலத்து அறிவுடைமை என்றே கொள்ள வேண்டும்.

1818இல் கம்பெனி, சென்னை ராஜதானிக்கு வெள்ளி ரூபாயையே மூல நாணயமாக்கியது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று விகிதம் வகுக்கப்பட்டது; ரூபாய்க்கு 12 பணம். பின்னர் 1835ஆம் ஆண்டுச் சட்டம், கம்பெனி ஆட்சி நடந்த பகுதிகள் அனைத்திற்கும் 180 குன்றி... அல்ல, 180 கிரெயின் எடையுள்ள ஒரே ரூபாயை விதித்தது. (நம் பொற்கொல்லரின் குன்றிமணி வேறு, ஆங்கிலேயரின் கிரெயின் வேறு, பழைய கணக்கு நூல்களைப் படிப்போர் இரண்டையும் மயங்கக் கொள்ளலாகாது.) பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளியுடைய அந்த ரூபாய்க்கு மூலமாவது, வட இந்தியாவில் ஷேர்ஷா 1540ஐ ஒட்டிய ஆண்டுகளில் அடித்த வெள்ளி நாணயமே. சென்னையிலிருந்த நாணயச் சாலை 1869இல் மூடப்பட்டது. தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது.

அதன்பின் நிகழ்ந்த மாறுதலே நம் வினாவிற்கு நேரான விடை தருவது. 1873க்குப் பின்னர் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரிந்து கொண்டே வந்தது. வெள்ளியைக் கொண்டுவந்து கொடுப்போர்க்கெல்லாம் ரூபாயாக அடித்துக் கொடுக்கும் வழக்கத்தை அரசினர் 1893இல் நிறுத்தினர். அன்று முதல் ரூபாயின் மதிப்பு வேறு, அதிலுள்ள வெள்ளியின் விலை வேறு என்றாயிற்று. 1940இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் வெள்ளி அறவே நீங்கி நிக்கல் வந்தது. இன்று நம் கையிலுள்ள ரூபாய் எஃகு. அதன் மதிப்பு உலோகத்தில் இல்லை. அரசின் சட்டத்திலும், அடுத்தவர் அதை மறுக்காமல் வாங்குவார் என்ற நம்பிக்கையிலுமே இருக்கிறது. சட்டம் இருந்தும் அந்த நம்பிக்கை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, 16 அணா என்றிருந்த ரூபாய் 100 நயா பைசாவாயிற்று. ஓரணாவுக்குக் கணக்குப்படி ஆறேகால் நயா பைசா. ஆனால் கால் நயா பைசா என்று காசு இல்லை. ஆகவே ஓரணாவுக்கு 6, ஈரணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று பட்டியல் வகுத்தனர். மோர் விற்றவரும் வெற்றிலை விற்றவரும் அந்தச் சிறு பின்னத்திற்காகப் போராடியது வேடிக்கையன்று. நாளெல்லாம் காலணாவில் வாணிகம் செய்தோர்க்கு அதுவே லாபமும் நஷ்டமும். 1964இல் நயா என்ற அடைமொழி நீங்கிற்று. ஆயினும் 25 பைசாவை நாலணா என்றும், 50 பைசாவை எட்டணா என்றும் கூறும் வழக்கம் காசே மறைந்த பின்னும் முதியோர் நாவில் நிற்கிறது.

ரூபாய் கடல் கடந்தும் சென்றது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை 1896 முதல் 1901 வரை ஆங்கிலேயர் ரயில் பாதை அமைத்தனர். அவ்வேலைக்கு இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, சுமார் 32,000 தொழிலாளர் சென்றனர். குஜராத்தி வணிகரோ அதற்கு முன்பே அக்கரையில் கடை வைத்திருந்தனர். ஆகவே இன்றைய கென்யா, உகாண்டா நாடுகளில் நம் ரூபாயே பணமாக வழங்கிற்று. அங்கே பேசப்படும் சுவாஹிலி மொழியில் பணத்திற்குப் பெசா என்று பெயர். நம் பைசாதான் அது. 1906 முதல் அங்கு ரூபாயை 100 சென்ட்டாகப் பகுத்து, நடுவில் துளையிட்ட சிறு காசுகளையும் அடித்தனர். பக்கத்தில் ஜெர்மானியர் ஆண்ட தங்கனீக்காவிலும் ரூபாய்தான். அவர்கள் 64 பெசா என்ற பழைய கணக்கை விட்டு, 1904இல் ரூபாயை 100 ஹெல்லராக்கினர். நாம் 1957இல் செய்ததை, நம் ரூபாய் ஆப்பிரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்துவிட்டது என்பது வியப்பே.

அங்கே பிறகு நேர்ந்ததைக் கடன் கொடுத்து வாங்கும் நம் சங்கத்தார் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 15 ரூபாய்க்கு ஒரு பவுன் என்பது நெடுநாளைய விகிதம். முதல் உலகப் போரின் முடிவில் வெள்ளி விலை மிக உயர்ந்தது; ரூபாயும் உயர்ந்தது. 1920இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் ரூபாயின் இடத்தில் ஃபுளோரின் என்ற புதிய நாணயத்தை, 2 ஷில்லிங் மதிப்பில் நிலைநிறுத்தினர். காப்பி பயிரிட ஒருவர் 1,500 ரூபாய் கடன் வாங்கியிருந்தார் என்று கொள்வோம். வாங்கியபோது அது 100 பவுன். புதிய விகிதத்தில் அதே கடன் 150 பவுன் ஆயிற்று. அவர் விளைத்த காப்பி விற்பதோ லண்டனில், பவுன் கணக்கில். ஒரு பிடி மண் கூடுதலாக உழாமல், ஒரு காசு கூடுதலாக வாங்காமல், கடன் மட்டும் ஒன்றரை மடங்காகியது! பயிரிட்டோர் அந்தச் சுமையைக் கீழே இறக்கினர். 1921இல் ஐரோப்பிய முதலாளிகள் ஆப்பிரிக்கத் தொழிலாளரின் கூலியை மூன்றில் ஒரு பங்கு குறைக்க முற்பட்டனர். அதனை எதிர்த்து மக்களைத் திரட்டிய ஹாரி துக்கு என்ற இளைஞர் 1922 மார்ச்சில் சிறைப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி நைரோபியில் கூடியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். இதற்குள் ஃபுளோரினும் நீங்கி, கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங் வந்துவிட்டது.

1963 டிசம்பர் 12ஆம் தேதி கென்யா விடுதலை பெற்றது. 1966இல் கென்யா ஷில்லிங் என்ற சொந்த நாணயம் பிறந்தது. அதே ஆண்டில் உகாண்டாவும் தான்சானியாவும் தத்தம் ஷில்லிங்கை வெளியிட்டன. விடுதலையின் நாற்பதாம் ஆண்டில், 2003இல், அன்றைய குடியரசுத் தலைவர் கிபாக்கியின் உருவம் பொறித்த 40 ஷில்லிங் நினைவு நாணயத்தைக் கென்யா வெளியிட்டது. நாணயத்தில் ஆள்வோர் முகம் இடம்பெறுவதை அந்நாட்டு மக்கள் எல்லாரும் விரும்பவில்லை. ஆட்சி மாறுந்தோறும் முகம் மாறுவதும், மாற்றுவதற்குப் பொதுப்பணம் செலவாவதும் நீண்டநாள் குறையாயிருந்தன. 2010ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில், நாணயத்திலும் நோட்டிலும் எந்தத் தனி மனிதரின் உருவமும் இருத்தல் கூடாது என்றே விதித்துவிட்டனர். 2018 டிசம்பரில் வந்த புதிய நாணயங்களில் ஒட்டகச்சிவிங்கியும், காண்டாமிருகமும், சிங்கமும், யானையும் இடம்பெற்றன. நாமோ பெரியோரை நாணயத்தில் பொறித்து வணங்குகிறோம். அவரவர் பட்ட அனுபவம் அவரவர்க்கு.

இனி நம் ஊர்க் கதைக்குத் திரும்புவோம். இரு உலோகங்களால் ஆன 10 ரூபாய் நாணயம் 2009இல் புழக்கத்திற்கு வந்தது. பல்வேறு நினைவு நாணயங்களும் அதே மதிப்பில் வந்தமையாலும், 2010இல் ஏற்கப்பெற்ற ரூபாய்க் குறியீடு 2011 முதல் நாணயங்களில் சேர்ந்தமையாலும், ஒன்றுக்கொன்று உருவத்தில் வேறுபட்டன. கதிர்க்கோடு பத்து இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் போலி என்று எவரோ கிளப்பிய வதந்தி ஊரெங்கும் பரவிற்று. தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைகளிலும் பஸ்களிலும் 10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்தனர். ஒரகடத்து ஆலைகளில் வேலை முடித்து வரும் தொழிலாளி, தேநீர்க் கடையில் ஒரு நல்ல நாணயத்தை நீட்டி, அது மறுக்கப்பட்டு நின்ற காட்சியை நாமே கண்டிருக்கிறோம். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில், அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று விளக்கம் வெளியிட்டது. அதற்குப் பின்னும் ஐயம் முற்றிலும் தீரவில்லை. நாணயத்தில் பிழையில்லை, சட்டத்தில் பிழையில்லை. எனினும் வாங்குவோர் இல்லாத இடத்தில் அது வெறும் உலோகத் துண்டாக நின்றது.

2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்களை 1000 ரூபாய்வரை ஒரு கொடுக்கல் வாங்கலில் செலுத்தலாம். 50 பைசா நாணயத்தை 10 ரூபாய்வரை செலுத்தலாம். 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதனவாயின. 1970ஆம் ஆண்டின் தாமரைக் காசு இன்று நினைவுக்கு மட்டுமே. ஆகவே அங்கத்தினர் ஒருவர் தம் பாக்கிக்கு 600 ரூபாயை நாணயமாகவே கொணர்ந்தாலும், அவற்றில் எவர் முகம் இருந்தாலும், சங்கம் எண்ணி வாங்கிக்கொண்டு ரசீது தர வேண்டும். 1000 ரூபாய்க்கு மேற்பட்ட பகுதியை நோட்டாகக் கேட்கச் சங்கத்திற்கு உரிமை உண்டு. நாணயத்தை உருக்குவதும் சிதைப்பதும் குற்றம். பாத்திர வியாபாரிகள் சிலர் கேட்டால் கொடுத்துவிடலாகாது.

பழைய நாணயத்திற்கு லட்சம் தருகிறோம் என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவர்கள் முதலில் நாணயத்தின் படத்தைக் கேட்பார்கள், பெருந்தொகை சொல்வார்கள், பின்னர் வரி, தரகு, பதிவுக் கட்டணம் என்று நம்மிடமே பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையுங்கூடக் காட்டுவார்கள். தான் பழைய நாணயங்களை வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, அதற்கென எவரையும் நியமிக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. சேகரிப்போர் அரிய நாணயங்களுக்குக் கூடுதல் விலை தருவது உண்மையே. ஆனால் எண்ணற்று அடித்துப் பல ஆண்டுகள் புழங்கித் தேய்ந்த ஒரு ரூபாயை எவரும் லட்சம் கொடுத்து வாங்கார். விற்பவர் முன்கூட்டிப் பணம் கட்ட வேண்டிய வாணிகம் உலகில் எங்கேனும் உண்டா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தாலே போதும்.

விதை நெல் வாங்கிய அங்கத்தினரின் கணக்கு என்னவாயிற்று என்று கேட்கலாம். காரியதரிசி வந்து விளக்கியபின் குமாஸ்தா அந்நாணயத்தை வரவு வைத்து ரசீது எழுதினார். நெசவாள அங்கத்தினர் உடனே தம் பையிலிருந்து வேறொரு ரூபாயை எடுத்துக் கொடுத்து, ராஜீவ் காந்தி நாணயத்தைத் தாம் மாற்றிக்கொண்டு போனார். விற்பதற்கன்று, தம் பேரனுக்குக் காட்டுவதற்கு என்றார்.